ஐந்தாவது கட்டம்

மூடுபனி. டான்யூப் எங்கே இருக்கிறதென்று
காதுதான் சொல்ல வேண்டிய காலை.
பதிவாளர் அலுவலகத்தில் முதல் ஆள் நான்.
அடுப்பில் சோளக்கட்டை இரண்டைத் தள்ளி
உறைந்துபோன மைப்பெட்டியை
அருகில் வைத்தேன், இளகட்டும் என்று.

ஆறு வருஷம் இந்த மேசை இழுப்பறையில்
ஒரு நாடு இருந்தது.
உள்ளங்கை அகலம்,
ரப்பரில் இரட்டைத் தலைக் கழுகு.
ஒரு தலை போன வருஷமே தேய்ந்துவிட்டது.
உலகத்தில் எந்தத் தலைநகரும் அதை ஏற்கவில்லை.
குழந்தைகள் பாவம், கேட்காமலே பிறந்தன.
நானூற்றுப் பதினேழு பிறப்பு,
எல்லாம் என் கையெழுத்து.
இறப்பை நான் கூட்டிப் பார்த்ததில்லை.
கூட்டச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

ஒரு தோட்டாகூட இல்லாமல் நாடு ஒன்று
கரைந்து போகும் என்று சொல்லியிருந்தால்
சிரித்திருப்பேன்.
இரண்டு வருஷத் தவணை, வெள்ளை ஜீப்புகள்,
சோளக்கொல்லை ஓரத்தில்
ஜோர்டான்காரச் சிப்பாய் காய்ச்சிய தேநீர்.
என் மைத்துனன் ராட்கோ
உரச்சாக்கில் சுற்றிப் புதைத்ததைத் தோண்டி
வரிசையில் நின்று விற்றான்.
கையெறி குண்டுக்கு ஒரு விலை,
ராக்கெட் குழாய்க்கு வேறு விலை.
கிடைத்த குனாவில் சலவை இயந்திரம் வாங்கினான்.
அது சுழலும்போதெல்லாம் வீடு அதிர்கிறது.

ரோந்துக் காரில் இப்போது இரண்டு பேர்,
குரோட் ஒருவன், செர்பு ஒருவன்.
வியெகோஸ்லாவுக்குக் குளிர், மியோட்ராகுக்கு வியர்வை.
ஹீட்டரைத் தவிர வேறெதற்கும்
அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.
வேறெதைப் பற்றியும் பேசியும் பார்த்ததில்லை.

போனவர்கள் போனார்கள்.
பாலத்தில் டிராக்டர் மேல் டிராக்டர்,
குளியல் தொட்டிக்குள் கோழிகள்,
ஜன்னல் சட்டங்கள், ஒரு முழு அடுப்பு.
ஒகுச்சானியிலிருந்து அகதியாய் வந்து
அடுத்தவர் வீட்டில் ஆறு குளிர்காலம் கழித்த சிம்யோன்
வாசல் கதவைக் கழற்றி வண்டியில் கட்டினார்.
பிறகு இறங்கி வந்து சாவியை என் மேசையில் வைத்தார்:
“வீட்டுக்காரர் வந்தால் கொடுத்துவிடு.”
நானும் வாங்கி வைத்தேன்.

எட்டு மணிக்குப் புது முத்திரை வந்தது.
பழையதை ஓர் உறையில் போட்டேன்,
பெற்றுக்கொண்டதற்கு ரசீது தந்தார்கள்.
அவ்வளவுதான்.
கொடி ஏறியது; பனியில் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் வந்தவள் ஷ்டெஃபானியா பெர்லிச்.
தொண்ணூற்றொன்றில் ஒரு பையோடு போனவள்.
தலைமுடி குட்டையாகிவிட்டது.
“கணவருக்கு மரணச் சான்றிதழ்” என்றாள்,
தபால் தலை கேட்பதுபோல.

படிவத்தைத் திருப்பிக் கேட்டேன்.
பெயர் சொன்னாள். தகப்பன் பெயர் சொன்னாள்.
பிறந்த தேதி. தொழில்: செருப்புத் தொழிற்சாலை, தையல் பிரிவு.
ஐந்தாவது கட்டம்.
“இறந்த இடம்?”

அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
“நான் இங்கே இல்லையே.
நீங்கள்தானே இருந்தீர்கள்.”

மைப்பெட்டி இளகி
ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.
நவம்பர் மாத லாரி ஒன்று
இந்த ஜன்னலைத் தாண்டிப் போனது எனக்குத் தெரியும்.
தார்ப்பாய் மூடியிருந்தது.
இன்ஜின் சத்தத்தை வைத்துத் திருப்பம் சொல்லலாம்.
ஆறு வருஷம் அதை
என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

எழுந்து கதவைச் சாத்தினேன்.
“பால் பண்ணை ரோடு.
இடது பக்கம் திரும்பியது.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.”

அவள் நன்றி சொல்லவில்லை, திட்டவுமில்லை.
“தேதி?”
“பதினெட்டு. இல்லை, பத்தொன்பது.
பேக்கரி மூடியிருந்த நாள்.”

வெகுநேரம் கழித்துக் கையுறையை மாட்டிக்கொண்டாள்,
ஒவ்வொரு விரலாக.
“நாளைக்குத் திறந்திருக்குமா?”

“நாளை வெள்ளிக்கிழமை” என்றேன்.
“திறந்திருக்கும்.”