ஏழாம் அத்தியாயத்து ஆப்பிள்

பதினொன்றரைக் கப்பலை அனுப்பிவிட்டு,
பூட்ஸில் பனியோடு வீடு வந்து,
கணப்பு மேசைக்குள் காலை நுழைத்து
தொலைக்காட்சியைப் போடுகிறேன்.
வியாழன் நள்ளிரவு ஒன்று இருபத்தைந்து.
ஒலி நான்கில்.
சுவருக்கு அந்தப்புறம் இவாபுச்சி தூங்குகிறார்,
விடியுமுன் மீன்சந்தைக்குப் போகவேண்டியவர்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
காசு போட்டால் ஓடும் சலவைக்கடை.
அதை நடத்தும் ஒரு மனிதர்.
மனைவி விட்டுவிட்டுப் போன,
அவருக்குப் பிறக்காத ஒரு பெண்.
அவள் அவருக்கு என்ன முறை என்று
ஆறு வாரமாய் யாரும் சொல்லவில்லை.
'நீங்க' என்பதற்கும் 'அப்பா' என்பதற்கும் நடுவே
அவள் ஒரு இருமலை வைத்திருக்கிறாள்.

வரைந்தவர்களுக்குத்தான் என்ன பொறுமை!
ஒரு சட்டை உலர்வதைப்
பதினொரு நொடி காட்டுகிறார்கள்.
எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.
பேச்சில்லை, இசையில்லை,
காலிச் சட்டைக்கை சுற்றிச் சுற்றி வந்து
வட்டக் கண்ணாடியை ஒருமுறை தட்டுகிறது,
வெளியே விடச் சொல்வதுபோல.

மழைக்கு நீலம் தீட்டவில்லை அவர்கள்.
ஆறிப்போன தேநீரின் நிறம்.
அவோமோரியில் நாற்பத்தாறு வருடம் நனைந்தவள்
மழை அந்த நிறம்தான் என்று
போன மாதம் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் குனிஹிகோ ஹகோதாத்தேயில் இருக்கிறான்.
நீரிணைக்கு அக்கரை,
மூன்று மணி நாற்பது நிமிடம்.
தினமும் அந்த ஊருக்குத்தான் சீட்டு விற்கிறேன்,
எனக்கென்று ஒன்று கிழித்ததில்லை.
அப்பா குளியலறையில் விழுந்த இரவு
ஆம்புலன்ஸை யார் தாமதமாகக் கூப்பிட்டது
என்பதில் தொடங்கியது.
நான்கு வருடம்.
கோடு கிழித்தாற்போல் நின்றுவிட்டது பேச்சு.

இன்று ஏழாம் அத்தியாயம்.
காய்ச்சலில் கிடப்பவளுக்கு
அவர் ஆப்பிள் சீவுகிறார்.
அவ்வளவுதான் காட்சி.
முகம் காட்டவில்லை.
கட்டைவிரல், கத்தி,
அறாமல் இறங்கும் தோல்.
அந்தக் கோடு நடுங்குகிறது.
விரலின் நடுக்கமா, பென்சிலின் நடுக்கமா,
யாரோ ஒருவர் படத்துக்குப் படம்
அதைக் கைநழுவவிடாமல் கொண்டுவந்திருக்கிறார்.
கடைசிச் சுற்றில் தோல் அறுந்து
தட்டில் விழுகிறது.
கண்ணைத் திறக்காமல் அவள் சொல்கிறாள்:
'இன்னும் கொஞ்சந்தான் இருந்தது.'
'ஆமாம், இருந்தது' என்கிறார்.

நான் அழவில்லை.
ஒலியை ஐந்தாக்கினேன்.

கைபேசி அதிர்ந்தது.
அண்ணன்.
'ஏழு பார்த்தாயா?
ஆப்பிள் நிறம் தப்பு.
ஃபூஜி இவ்வளவு சிவக்காது,
காம்புக் குழியில் மஞ்சள் வேண்டும்.'

நான் பார்ப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?
தெரியாது.
தெரியாமலே கேட்டிருக்கிறான்.

ஆம்புலன்ஸ் என்று தட்டினேன், அழித்தேன்.
எப்படி இருக்கிறாய் என்று தட்டினேன்,
அது ஏதோ வங்கிக் கடிதம் மாதிரி இருந்தது.
கடைசியில் எழுதினேன்:
'அது ஃபூஜி இல்லை, கோக்யோகு.
கோக்யோகு சிவப்புதான்.'

படித்துவிட்டான் என்ற குறி விழுந்தது.
திரையில் பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தன.
வண்ணம், பின்னணி, ஒளி, இடைப்படங்கள்,
எழுபதுக்கு மேல் பெயர்கள்.
நடுக்கம் இன்னார் என்று
எங்கும் போடவில்லை.
எத்தனை நொடி ஆயிற்றோ,
இம்முறை எண்ணவில்லை.

'அப்படியானால் சரி' என்று வந்தது.
பிறகு இன்னொன்று:
'ஆனாலும் கத்தியை அவன் பிடித்த விதம் தப்பு.'

இவாபுச்சி சுவரைத் தட்டினார்.
நான் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது,
ஐந்துக்கும் மேலே.