மூன்றாம் நம்பர்

ஃபிண்டன் ராஃபர்ட்டிக்கு
மூன்றாம் நம்பர் பவுண்டேஷன்.
வயசு ஐம்பத்திரண்டு. அயர்லாந்துத் தோல்.
மனாமா விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வருவதற்குள்
மூக்கு நுனி இறால் மாதிரிச் சிவந்துவிட்டது.

நான் வியாகப்பன், மணப்பாட்டுக்காரன்.
பதினாலு வருஷமாக முகங்களில் வேலை.
செய்தி வாசிக்கிறவர்கள், கல்யாண மாப்பிள்ளைகள்,
ஒருமுறை, ஊருக்கு அனுப்பும் முன்,
சாலையில் இறந்த ஒரு மலையாளிக்கும்.

என் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லோரும் பேசுவார்கள்.
பாவசங்கீர்த்தனக் கூண்டு மாதிரிதான்,
சாமியார் கையில் பஞ்சு இருக்கும், அவ்வளவே.

அவரும் பேசினார்.
முதல் வேலை உள்ளூர் வானொலியில்
மாட்டுச் சந்தை விலை வாசிப்பது.
அப்புறம் டிவி. ஒரு பொம்மை வாத்தோடு
ஏழு வருஷம் குழந்தைகளுக்குக் காலை வணக்கம்.
வாத்துக்குத்தான் கடிதம் அதிகம் வருமாம்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, நேரலை.
விருந்தாளியாக வந்த சமையல்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள்:
உமக்கு எப்போது கல்யாணம்?
சிரிக்காமல் சொன்னாராம்.
அவர் சொன்னது இங்கிலீஷில்.
என் காது அதைத் தமிழாக்கி
கடைசி எழுத்தில் நின்றுவிட்டது:
எனக்கு ஆள் இருக்கிறான்.
ன்.

வீட்டில் அவர் அம்மா முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.
தண்ணீர் வற்றிச் சட்டி கரிந்ததாம்.
மறுநாள் கறிக்கடைக்காரர்
கேட்காமலே இரண்டு துண்டு கூடப் போட்டார்,
காசு வாங்கவில்லை.
ஊர் சொன்னது அவ்வளவுதான்.
ஒரு பிஸ்கட் கம்பெனி மட்டும் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது.
நாலு வருஷம் கழித்து, கூடுதல் பணத்தோடு, திரும்பி வந்தது.

நான் புருவத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

ரீமா வந்து ஒரு தாளை நீட்டினாள்.
மேடையில் குடும்பம் என்று சொல்லலாம்,
அதற்கு மேலே வேண்டாம்.
அவர் படித்தார், மடித்தார்,
மோதிரத்தைக் கழற்றி என் பவுடர் டப்பாவில் போட்டார்.
"இருந்தால் யாராவது மனைவியை விசாரிப்பார்கள்.
பொய் சொல்கிற பழக்கம் விட்டுப்போச்சு."

விரலில் வெள்ளையாக ஒரு வளையம்.
இருபது வருஷம் வெயில் படாத தோல்.
அதற்கும் பூசினேன். மூன்று போதவில்லை,
ஐந்தைக் கலந்து, சுண்டுவிரலால் தேய்த்து.

"உனக்கு வீட்டில் யார்?"

இந்தக் கேள்விக்குத் தமிழில் எனக்குப் பதில் உண்டு.
வீட்ல சமைச்சிருப்பாங்க. வீட்ல கோவிச்சுக்குவாங்க.
எட்டு வருஷமாக
ஸ்டுடியோவில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை.
மரியாதைப் பன்மை, நல்ல கம்பளி.
அதையே இங்கிலீஷில் அப்படியே போட்டேன்.
"எத்தனை பேர்?" என்றார்.

ஒருத்தர், என்றேன்.

கண்ணாடியில் என்னையே பார்த்தார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
உதட்டு வெடிப்புக்கு வாசலின் வைக்க வேண்டியிருந்தது,
வைத்தேன்.

விழாவில் நன்றாகத்தான் பேசினார்.
எண்ணெய்க் கம்பெனிக்காரர் ஜோக்குக்குச் சிரித்தார்.
மூன்றாவது விருதுக்கு அவர் கை உயர்த்தியபோது
மானிட்டரில் பார்த்தேன்:
வியர்வையில் கரைந்து
அந்த வெள்ளைக் கோடு வெளியே வந்திருந்தது.
ஓடிப்போய் ஒற்றியிருக்க வேண்டும். என் வேலை அது.
பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி ஒன்றரைக்குத் தவசிதான் வண்டி ஓட்டினான்.
மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.
என் நகக்கண்ணில் இன்னும் அவர் நிறம்.
குதைபியா சிக்னலில், வழக்கம்போல, கேட்டான்:
"வீட்ல முழிச்சிருப்பாங்களா அண்ணே?"

"முழிச்சிருப்பான்."

வாய் தவறியது என்று சொல்லலாம்.
ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது,
என் வாய்க்கு எட்டு வருஷமாக இருந்தது.
சிக்னல் பச்சையானது. வண்டி நகரவில்லை.
பின்னால் யாருமில்லை, ஹாரன் அடிக்க.
குணசீலன் இந்நேரம் கப்பல் பட்டறையிலிருந்து வந்து
சாக்ஸைத் துவைத்துக் காயப் போட்டிருப்பான்.

இரண்டு தெரு தள்ளித்தான் தவசி பேசினான்.
"குபூஸ் வாங்கணுமா அண்ணே? கடை திறந்திருக்கு."

வாங்கணும், என்றேன்.
நாலு.