பத்துக் கிலோவுக்குக் கீழே

லாபிஸ் செம்பனை ஆலையில்
எடை மேடை என் பொறுப்பு.
குலையோடு வரும் லோரியை ஒரு முறை,
கொட்டிவிட்டுத் திரும்புகையில் ஒரு முறை.
முதலதில் இரண்டாவதைக் கழித்தால் குலையின் எடை.
பத்தொன்பது வருடமாய் இந்த ஒரே கணக்கு.

முடிவு வந்த மத்தியானம்
துளசிமாலா கைப்பேசியை நீட்டினாள்.
சபா. கடலறிவியல்.
"கடைசியா எதையோ போட்டு வச்சேன்,
அது கெடச்சிருக்கு" என்றாள்
என் முகத்தைப் பார்க்காமல்.

மூன்று புள்ளி எட்டு மூன்று வாங்கிய பிள்ளைக்கு
இந்தக் கரையில் ஓர் இடம் இல்லையா?
மேல்முறையீடு செய்வதென்று
அரை நாள் விடுப்பு எடுத்தேன்,
கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டேன்.
ஆ லெக் கடையில் பக்கத்துக்கு முப்பது காசு.
அவள் விண்ணப்பத்தை அச்செடுத்துத் தந்தான்.
பன்னிரண்டு வரிசை.
கீழிருந்து படித்துக்கொண்டு போனேன்.
நான் சொல்லிச் சொல்லி எழுத வைத்த ஸ்கூடாய்
பன்னிரண்டில் இருந்தது.
சபா, ஒன்றில்.

இன்னொரு பிரதி வேணுமா என்றான் ஆ லெக்.
வேண்டாம்.
நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.
"நாள் தாண்டிப் போச்சாம்" என்றேன் வீட்டில்.
அவள் பொய்க்கு என் பொய் சரியாய்ப் போயிற்று.

கட்டணம் மலைப்பாயில்லை.
அரசாங்கப் பல்கலைக்கழகம், ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி.
மலைக்க வைத்தது நடுவில் கிடக்கும் தண்ணீர்.
தீபாவளிக்கு வந்து போக ஒரு விலை;
அதே இருக்கை, சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையில், பாதி.
எந்த வருடமாவது தீபாவளி
சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையில் வருமா என்று
நாட்காட்டியைப் புரட்டினாள் பரிமளம்.

படிப்புக் கடன் கைக்கு வருவதற்குள்
பாதிப் பருவம் போய்விடுமாம்.
அதுவரை பிள்ளை சாப்பிட வேண்டும்.
கூட்டுப் பணத்தில் எட்டாம் மாதம் எங்களுடையது.
மூன்றாம் மாதம் வைத்திருந்த ரொகாயாவிடம் போய்
மாற்றிக் கேட்டாள் பரிமளம்.
ரொகாயா ஒன்றும் கேட்கவில்லை, தலையாட்டினாள்.
அவள் மகன் கல்யாணத்தில்
மூன்று கூடாரம் இரண்டானது
சாப்பிடப் போனபோதுதான் தெரிந்தது.

கிளம்புவதற்கு முந்திய மாலை.
விமானத்தில் இருபது கிலோதான் சேர்ப்பார்கள்.
பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டி
ஆலைக்குக் கொண்டு போனோம்.
கடைசி லோரி போன பிறகு மேடையில் வைத்தேன்.
நாற்பது டன் தாங்கும் இரும்பு அது,
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் அறியாது.
பதினாறும் அதற்கு இருபது,
இருபத்துநாலும் இருபது.
இருபது என்றது.

"நானும் ஏறட்டா?"
எழுபது.
பெட்டியை இறக்கினேன்.
ஐம்பது.
அவளை இறங்கச் சொல்ல வாய் வரவில்லை.
சிவப்பு எண் எரிந்துகொண்டே இருந்தது.
"கொசு கடிக்குதுப்பா."

மறுநாள் செனாயில் இருபத்திரண்டரை.
பின்னால் நிற்பவர்கள் பார்க்கப் பார்க்கப்
பெட்டியைத் தரையில் பிரித்தோம்.
ஒரு ஜோடிக் காலணி,
பழைய உயிரியல் புத்தகம்,
பரிமளம் அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூள்
எல்லாம் என் கைக்கு வந்தன.
இருபது சரியாய் வந்ததும்
பெட்டி நாடாவில் போயிற்று,
அவளும் போனாள்.

இரவு அழைத்தாள்.
"நம்ம நாட்டுக்குள்ளயே ஒரு சீட்டு அடிச்சுக் குடுக்கறாங்கப்பா.
திரும்பி வரும்போது காட்டணுமாம்."
தொலைச்சிடாதே என்றேன்.
வேறென்னவோ கேட்க இருந்தேன்,
முதல் வரிசையைப் பற்றி.
"கடல் தெரியுதா?" என்று கேட்டேன்.
"இருட்டா இருக்கு. சத்தம் கேக்குது."

அந்த மிளகாய்த்தூளை
இந்த வாரம் குழம்புக்குப் போட்டோம்.
எங்கள் இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.
அவள் காரத்துக்கு அரைத்தது.