இடப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர்

பத்து மீட்டருக்கு அப்பால்
முற்றுப்புள்ளியைவிடச் சின்னதாய் ஒரு பத்து.
நான் சுட்டதெல்லாம் அதற்கு இடப்பக்கம்,
யாரோ அங்கே துண்டு போட்டு
இடம் பிடித்து வைத்த மாதிரி.

முதலில் குண்டின்மேல்தான் சந்தேகம்.

தண்டையார்பேட்டை அடகுக்கடையில்
கேவல்சந்தின் தராசு மில்லிகிராம் வரை பேசும்.
என் இரட்டைவடச் சங்கிலி
இதே தட்டில் படுத்துத்தான்
துப்பாக்கியாய் எழுந்தது:
காற்றுத் துப்பாக்கி, மூன்றாம் கை,
கட்டையில் யாரோ கீறிய பாதிப் பெயர்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒரு டப்பா ஈயத்தை ஒவ்வொன்றாய் நிறுத்தோம்.
தட்டைத் தலை, ஒட்டிய இடுப்பு, விரிந்த பாவாடை.
பாவாடை நசுங்கியவை பதினேழு.
ஐந்நூற்று முப்பது மில்லிகிராமுக்கு மேலே ஒரு குவியல், கீழே ஒன்று.
"இதுக்கு இன்னா வட்டி போடறது?" என்றார்.
எடை ஒன்றாயிற்று.
இடப்பக்கம் இடப்பக்கமாகவே இருந்தது.

சரி, காற்று.

கப்பலின் அடிவயிற்றில் சிப்பி சுரண்டுகிறவர்கள்
காசிமேட்டில் ஒரு கம்ப்ரஸர் வைத்திருக்கிறார்கள்.
செல்வமேரியின் தம்பி இன்னாசி
இருநூறு பார் நிரப்பித் தருவான், ஒரு பிளேட் பிரியாணிக்கு.
கடலுக்குக் கீழே அவன் இழுக்கும் மூச்சுதான்
என் சிலிண்டரிலும்.
அது இரவில் கசிந்துகொண்டிருந்தது.
சோப்பு நுரை தடவினோம்.
வால்வின் கழுத்தில், நெத்திலிக் கண் அளவு, ஒரு குமிழி.
பதினைந்து ரூபாய் ஓ-ரிங்குக்கு
மண்ணடியில் நாலு கடை ஏறினேன்.
"எந்த வண்டிக்கு?" "வண்டிக்கு இல்ல."
"அப்ப மோட்டாருக்கா?"
நாலாவது கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை.
எண்ணெய்க் கையோடு மூன்று அளவு கொடுத்தார்,
நடு அளவு உட்கார்ந்தது.
கசிவு நின்றது.
குண்டு பழைய விலாசத்துக்கே போனது.

கட்டையைக் கழற்றிக் குழலை மட்டும்
லேத் பட்டறை வைஸில் கவ்வ வைத்து
ஐந்து சுட்டேன்.
ஐந்தும் ஒரே ஓட்டை.
ஒரு மிளகு நுழையாது அதில்.

ஆக, குற்றவாளி நான்.
தோளைக் கழற்றி வைஸில் பிடிக்க முடியாதே.
காப்பியை விட்டேன். டீயையும்.
இடது முழங்கையை இடுப்பெலும்பில் நாலு விதமாய் வைத்தேன்.
கண்டெய்னர் யார்டில் எண் குறிக்கும்போதுகூட
மூச்சைப் பாதியில் நிறுத்திப் பழகினேன்;
"பூங்கொடி, உடம்புக்கு இன்னா?" என்றாள் கேட்டில் நிற்கும் ஜெபசெல்வி.

ஒரு ராத்திரி கரண்ட் போயிற்று.
மின்விசிறி நின்றதும் கேட்டது
திருவொற்றியூர் வீட்டின் உண்மையான சத்தம்:
எண்ணூர் நெடுஞ்சாலையில்
நாற்பதடிப் பெட்டி சுமந்த டிரெய்லர்கள்,
ஒன்றின் வாலில் ஒன்று.
அலமாரியில் டம்ளர்கள் பல் கிட்டின.
சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கிப் பெட்டிக்குள்ளும்
மெல்லிசாய்,
கிடுகிடு.

செல்போன் வெளிச்சத்தில்
கட்டையையும் குழலையும் சேர்க்கும் திருகாணியின்
தலையிலிருந்து கட்டை வரை
சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு இழுத்தேன்.
மிச்சத்தை வீணாக்காமல் கட்டைவிரலுக்கு.

மூன்றாம் நாள் காலை
கோடு உடைந்திருந்தது, ஒரு மயிரிழை.

யார்டில் நான் டிக் அடித்து வெளியே அனுப்பிய பெட்டிகள்தான்,
எண் சரி, சீல் சரி, போகலாம் என்று.
ராத்திரியெல்லாம் என் வாசல் வழியே போய்
என் திருகாணியைத் திருகியிருக்கின்றன.

சைக்கிள் கடையில் டார்க் ஸ்பேனர் இரவல்,
ஐந்து நியூட்டன் மீட்டர், 'கிளிக்' என்றதும் நிறுத்தினேன்.
பெட்டிக்கு அடியில் லாரி ட்யூபில் வெட்டிய ஒரு சதுரம்.
லாரியை லாரியால்தான் அடக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி.
பத்து. பத்து. பத்து. பத்து.
ஐந்தாவது ஒன்பது,
வலப்பக்கம்.

மைதானத்தைச் சுற்றி
எந்தச் சாலையும் இல்லை.