பதினோரு மணிப் பனிமூட்டம்

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.
பெயர் தியோதூல் கார்னிஷே.
பதினேழாம் எண் தந்திக் கோபுரம்.
நாளொன்றுக்கு ஒன்றேகால் பிராங்க்.
விறகு தனி என்றார்கள், இரண்டு குளிர்காலமாய் வரவில்லை.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆம், மார்ச் பன்னிரண்டு.
ஆம், பதினோரு மணி.
பதினாறாம் கோபுரம் பனிமூட்டம் என்று காட்டியது.
நானும் காட்டினேன்.
எனக்கு அப்பால் பதினெட்டு, பத்தொன்பது,
பாரீஸ் வரைக்கும் கைகள் மடங்கின.

வானம் எப்படி இருந்தது என்கிறீர்கள்.

அவளை நீங்கள் போன வாரமே இறக்கிவிட்டீர்கள்.
இனிச் சொல்வதில் அவளுக்கு நட்டமில்லை.

பதினாறில் இருந்தவன் அன்செல்ம் வோஷோ.
ஒன்பது ஆண்டில் நான் அவனை ஒருமுறையும் சந்தித்ததில்லை.
இடையில் இரண்டு பள்ளத்தாக்கு, ஓர் ஆறு,
யாருடையதோ ஒரு கோதுமை வயல்.
ஆனால் தொலைநோக்கியில் அவன் கை எனக்குத் தெரியும்:
இடப்பக்க மரத்தை உயர்த்தும்போது ஒரு நொடி தயங்குவான்,
கதவைத் தட்டலாமா என்று நிற்பவன்போல.
எதைக் கடத்துகிறோம் என்று எங்களுக்குத் தெரியாது.
போரா, ரொட்டி விலையா, இளவரசனுக்குப் பல் முளைத்ததா,
எல்லாம் எங்களுக்கு ஒரே கறுப்பு மரம்.
கோணம் பார், கோணம் வை, குறித்துக்கொள்.

பிப்ரவரி இருபத்து மூன்றில் அந்தத் தயக்கம் இல்லை.
வேறு கை.
முழு உடம்பாலும் இழுக்கிற கை;
மரம் முதலில் அதிரும், பிறகுதான் நேராகும்.
மூன்றாம் நாள் யாரோ வெளி ஏணியில் ஏறி
மரச்சட்டத்தில் சிக்கிய காக்கைக் கூட்டைப் பிய்த்தெறிந்தார்கள்.
காற்றில் பாவாடை உப்பியது.

உடனே தெரிவித்திருக்க வேண்டும், விதி பதினான்கு.
மனப்பாடம்தான், ஐயா.
எந்தச் சைகையில் தெரிவிப்பது?
நீங்கள் தந்த தொண்ணூற்றிரண்டில்
'அங்கே ஒருத்தி இருக்கிறாள்' என்பதற்கு ஒன்று இருக்கலாம்.
குறியீட்டுப் புத்தகம் உங்களிடம்தான் இருக்கிறது.

ஒரு கோணம் அவள் தவறவிட்டதில்லை.
நான்தான் வேகத்தைக் குறைத்தேன்.
சரிபார்க்கிற சாக்கில்
ஒவ்வொன்றையும் இரண்டு மூச்சு கூடுதலாகப் பிடித்துவைத்தேன்,
அவள் அடுத்ததற்குத் தோளைத் தயார்செய்யட்டும் என்று.

பன்னிரண்டாம் தேதி பத்தேமுக்காலுக்கு
நான்கு பேர் அந்த மலையேறினார்கள்.
இறங்கும்போது தோளில் நீளமாக ஏதோ.
செய்தியின் பாதியில் மரம் நின்றது.
பிறகு மெல்ல, அதிர்ந்து, நேராகி,
பனிமூட்டம்.
கதவு திறந்தது. ஒரு கறுப்புப் புள்ளி
அவர்கள் பின்னால் நடந்தது, ஓடியது, நடந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
அந்தச் சரிவில் மேய்ந்த ஆட்டுக்குட்டியின் காதுவரை தெரிந்தது.

அப்புறம் என் கைப்பிடியைத் திருகினேன்.
பதினெட்டில் இருப்பவன் பழைய பீரங்கிப்படைக்காரன்,
என் தலைக்குமேல் ஒரு மேகமும் இல்லாததைப் பார்த்திருப்பான்.
ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டான்.
பிறகு அவனும் மடக்கினான்.
ஏனென்று அவனைக் கேளுங்கள்.

பன்னிரண்டு பத்துக்கு,
விட்ட கோணத்திலிருந்தே தொடங்கினாள்.
துலோன் செய்திக்கு ஒரு மணி பத்து நிமிடத் தாமதம்.
அதனால் எங்காவது யாருக்காவது கேடு வந்ததா?
வந்திருக்கலாம். இல்லையென்று சொல்ல
செய்தி என்னவென்று எனக்குத் தெரிய வேண்டுமே.

பதிவேட்டில் இருப்பது என் எழுத்துதான், மாற்ற மாட்டேன்:
பதினொன்று முதல் பன்னிரண்டு பத்து வரை பனிமூட்டம்.

செத்தவன் பெயரில் கூலி இல்லை என்றீர்களாம் அவளிடம்.
அவள் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.
முப்பத்திரண்டு நாள், ஒன்றேகால் வீதம், நாற்பது பிராங்க்.
எழுதிக்கொள்ளுங்கள்.
என் விறகை வேண்டுமானால் அடித்துவிடுங்கள்.