சாப்பிட்ட நாலாயிரம்

டுலூத் நூலகத்தின் கீழ்த்தளம். மார்ச்.
ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது.
சனிக்கிழமைகளில் இங்கே இலவசமாக
வரிப்படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம்.
முப்பது வருடம் கப்பலில் ஏறிய இரும்புத்தாதுக்கு
எடை எழுதியவன் நான்.
தாதுவுக்கு ஒரே கணக்கு: ஏறினது ஏறினது.
பணம் அப்படியில்லை.
எங்கே போனது என்று கேட்டுவிட்டுத்தான்
அதற்குப் பெயரே வைக்கிறார்கள்.

மாரென் ஸோல்பர்க், இருபத்தாறு வயது, செவிலியர் படிப்பு.
காலணிப் பெட்டி நிறைய ரசீதுகள்.
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்:
"உதவித்தொகைக்குமா வரி? அது பரிசில்லையா?"

பரிசுதான், வகுப்பு வாசல் தாண்டியது மட்டும்.
கட்டணம் பதினோராயிரம், தொடமாட்டார்கள்.
புத்தகங்கள், பாடத்திட்டம் கேட்ட ஸ்டெதஸ்கோப்,
தொள்ளாயிரம், அதையும்.
மிச்சம் நாலாயிரத்து நூறு
வாடகையாகி ஓட்ஸ் கஞ்சியாகி
பஸ் பாஸாகிவிட்டதே,
அது வருமானம்.

"பஸ் இல்லாமல் வகுப்புக்கு எப்படிப் போவதாம்?"
சட்டம் அதைக் கேட்பதில்லை, மாரென்.
பிறர் நெஞ்சைக் கேட்கும் குழாய் கல்வி.
உன் நெஞ்சை மூடும் கோட்டு வெறும் செலவு.

அவள் சிரிக்கவில்லை.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை: எட்டாயிரத்து இருநூறு.
கூட்டிப் பார்த்தேன்.
வரி தொடங்கும் கோட்டுக்குக் கீழேதான் நின்றாள்.
ஒன்றும் கட்ட வேண்டாம், போய் வா என்று
அனுப்பியிருக்கலாம்.

உதவித்தொகைக் கடிதத்தைக் கேட்டேன்.
பெட்டியின் அடியில் இருந்தது, காப்பிக் கறையோடு.
இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டுமென்று
அதில் ஒரு வரியும் இல்லை.

"இன்னும் நாலாயிரம் சாப்பிட்டதாக எழுதலாமா?"
"அவ்வளவு நான் சாப்பிடவில்லையே!"
வாடகை ரசீதுகளை எண்ணினோம். பன்னிரண்டு.
ஹீட்டர் பில், மளிகை, மறுபடி மளிகை.
சாப்பிட்டுத்தான் இருந்தாள்,
ஒவ்வொரு ரசீதுக்கும் கூசிக்கொண்டே.

நாலாயிரம் வருமானத்தில் ஏறியது.
அதே நாலாயிரம் கட்டணத்தில்
அவள் கைக்காசாக இறங்கியது.
கைக்காசு கட்டிப் படித்தால் சலுகை உண்டு.
வரி நூற்றெழுபது.
சலுகை அதை விழுங்கிவிட்டு
ஆயிரம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது.

"அதிகம் சம்பாதித்தேன் என்றால் பணம் வருமா?"
இரண்டு முறை போட்டுக் காட்டினேன்.
மூன்றாம் முறை பென்சிலைப் பிடுங்கி
அவளே போட்டாள்.
பிறகு வெகுநேரம் பேச்சில்லை.

"அப்படியென்றால், அந்த நாலாயிரத்துக்கு
வகுப்புக்குக் கட்டியது நானா?
படுக்கை மாற்றிய ராத்திரிகளா?"
காகிதத்தில், ஆமாம்.

கையுறையைக் கழற்றிக் கையெழுத்திட்டாள்.
ஆயிரம் எப்போது வரும் என்று கேட்கவில்லை.
அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்
இன்னொரு பிரதி கேட்டாள்.