அடி இலை

மீன் சந்தையில் வீசியெறிந்த தெர்மோகோல் பெட்டி.
ஆறு முறை கழுவியும் கானாங்கெளுத்தி வாடை.
சூடேற்றிய திருப்புளியால் அடியில் எட்டுத் துளை போட்டேன்,
துளைக்கொரு கிறீச்.
மண்ணை மட்டும் காசுக்கு வாங்கினேன்.
பூசான் மலைச்சந்தின் நூற்றுப் பன்னிரண்டு படியும்
மூட்டை என் தோளில் ஏறி வந்தது.

மனைவி பிரிந்துபோன வருடம்.
வேறெதையும் வளர்க்கத் துணிச்சல் இல்லை.
சாங்சுக் கீரை நாற்பது நாளில் இலை தரும் என்றார்கள்.
நாற்பது நாள்
என்னால் முடியும்.

பால்கனி கிடையாது. எதிர்ச்சுவரோரம்
பத்து மணியிலிருந்து இரண்டு வரை வெயில்.
அங்கே வைத்தேன்.
இரவுப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு
அது தூங்கும் நேரம்.

ஏப்ரல் கடைசியில் இலைகள் குறைந்தன.
எண்ணுகிறவன் நான்,
நிறுத்தங்களை எண்ணியே இருபத்து மூன்று வருடம்.
நேற்று முப்பத்தொன்று. இன்று இருபத்தைந்து.

முதலில் பூனையைச் சந்தேகித்தேன்.
பிறகு மாடியில் தைக்கிற கூ ஜாங்சொக்கை.
அட்டையில் எழுதி நட்டேன்: கேமரா பார்க்கிறது.
கேமரா இல்லை. பக்கத்தில் ஒரு கண் வரைந்தேன்,
அது மீன்கண்ணாகப் போய்விட்டது.

மறுநாளும் ஆறு குறைவு.
குந்தி உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.
அடி இலைகள் மட்டும்.
தண்டோடு ஒட்டுமிடத்தில் பக்கவாட்டில் ஒடித்து,
குருத்தைத் தொடாமல்,
செடிக்கு ஒன்றுக்கு மேல் எடுக்காமல்.
நானோ அதுவரை
பசித்தபோதெல்லாம் நுனியைக் கொத்தாகப் பிய்த்தவன்.

திருடரைப் பார்த்து நானும் அப்படியே ஒடித்தேன்.
கீரை இரண்டு பேருக்கும் வந்தது,
மிச்சம் ஜாங்சொக்குக்கும்.
அட்டையைத் திருப்பி எழுதினேன்:
செவ்வாயன்று நீர்விட ஆளில்லை.
புதன் காலை மண் கறுத்து ஈரமாயிருந்தது.
மழை பெய்ததா என்று சங்கத்தில் கேட்டேன்.
இல்லையே என்றார்கள்.

ஜூலைக் கடைசியின் வெக்கையில்
செடிகள் திடீரென்று இடுப்புயரம் எழுந்து நின்றன.
ஒடித்தால் வெள்ளைப் பால்.
சோயா விழுதும் பூண்டும் வைத்துச் சுருட்டினாலும்
தொண்டையில் தங்கிவிடுகிற கசப்பு.
இலைகள் இப்போது குறைவதில்லை.
முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டு.
நாற்பத்தொன்று.
கணக்குச் சரியாக இருப்பது இத்தனை வெறிச்சென்றிருக்குமா?

அந்தப் பால் விரலில் காய்ந்தால் பழுப்பு.
இரண்டு நாள் போகாது.
கடைசிப் பேருந்தில் ஏறுகிறவர்கள் அட்டையைத் தட்டும்போது
முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்,
நகங்களைப் பார்க்கிறேன்.
வண்ணப்பூச்சு, கிரீஸ், மிளகாய்ப்பொடி.
ஒருவர் கையை இழுத்துக்கொண்டார்.

செப்டம்பருக்கு விதை வாங்கியாயிற்று.
சந்தையில் இன்னொரு பெட்டி கேட்டு எடுத்துவந்தேன்,
முன்னதைவிடப் பெரியது.
இதில்
கணவாய் வாடை.